நான்கு சாவிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

கறையான் ஏறியிருப்பதை முதலில் பார்த்தவன் நான்தான். காரைக்குடியில் அந்தப் பெரிய வீட்டுக்கு நான் வேலையாள் என்று சொல்ல முடியாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, சென்னையில் சுரங்கம் என்று சுற்றியவன். ஊரில் இருக்கிற மாதங்களில் அந்த வீட்டின் தண்ணீர் மோட்டாரைப் பார்ப்பேன், ஓடு உடைந்தால் ஏறி மாற்றுவேன், வீட்டுக்கார ஆச்சி சொல்லும் இடத்துக்குப் போய்வருவேன். அந்தக் குடும்பத்துப் பெண்களை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். இவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் போனபின் அத்தனை பெரிய வீட்டில் குடியிருப்பது அவர் ஒருவர்தான்.

வீட்டின் நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி ஐந்து அறைகள். அந்தக் குடும்பத்தில் ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால் அவனுக்கென்று ஓர் அறை கொடுப்பது வழக்கம். அறையும் அதிலுள்ள சாமானும் பூட்டும் சாவியும் அந்தக் கணவன் மனைவியுடையவை. ஐந்தில் ஒன்று ஆச்சியுடையது. மற்ற நான்கு அறைக்காரர்களும் சென்னையில் இருக்கிறார்கள். சாவிகளும் அங்கேதான். கூரையே ஒழுகினாலும் ஒருவர் பூட்டில் இன்னொருவர் கைவைக்க மாட்டார்கள். கைவைத்தால் அந்தப் பேச்சு பேரன் காலம் வரைக்கும் ஓடும்.

நான் பார்த்த மண்கோடு நான்காவது அறையின் கதவு நிலையில், விரல் பருமனில், பூட்டின் உயரம் வரைக்கும் ஏறியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடியது.

ஆவணியில் ஆச்சியின் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் பிடித்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்லியும் ஆச்சி கேட்கவில்லை. தனக்குத் தாலி ஏறிய முற்றத்தில்தான் மகளுக்கும் ஏற வேண்டும் என்று இருந்தார். கறையான் மருந்து அடிக்கிறவர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அஞ்சு ரூமையும் ஒரே நாள்ல தொறந்து வைக்கணும் ஆச்சி. ஒன்னுல மட்டும் அடிச்சா செவுத்து வழியா அடுத்ததுக்குப் போயிரும். வார திங்கக்கிழமை காலையில வாரேன். அத விட்டா எனக்கு ஆவணிக்கு அங்குட்டுத்தான் நாள் இருக்கு."

"விட்டா என்னாகும்?"

"கல்யாணத்துக்கு வாரவுக நாற்காலியில உக்காரும்போது பாத்து உக்காரச் சொல்லுங்க."

ஆச்சி சிரிக்கவில்லை. அன்று மாலையே நான்கு வீட்டுக்கும் போன் செய்தார். ஆளை அனுப்பு, தருகிறோம் என்று நான்கு பேரும் சொல்லிவிட்டார்கள். சாவியைத் தபாலில் வரவழைக்கிற பேச்சே எழவில்லை.

"நீ போறியா? மெட்ராசு தெரியுமில்ல?" என்றார் என்னிடம்.

"ஒன்னரை வருசம் இருந்தேன் ஆச்சி."

"எங்குட்டு?"

"தரைக்கு அடியில."

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். உண்மையைத்தான் சொன்னேன். மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியபோது கீழ்ப்பாக்கம் பக்கத்தில் மண் அள்ளும் கூட்டத்தில் இருந்தேன். பன்னிரண்டு மணி நேர வேலை, பிறகு தகரக் கொட்டகையில் தூக்கம். நான் பார்த்த சென்னை அவ்வளவுதான். ரயில் ஓட ஆரம்பித்தபோது நான் வேறு எங்கோ இருந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பும் ரயிலில் ஏற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ரயிலில் திரும்பிவிட வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. ராத்திரி வண்டியும் உண்டு, ஆனால் அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ தூங்கிருவ. பை போயிரும்" என்றார். நான் கிளம்புகிற நேரத்துக்கு ராகுகாலம் எமகண்டம் எல்லாம் பார்த்தவர், சாவி கைமாறுகிற கிழமையைப் பார்க்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மத்தியானம் தாண்டி எழும்பூரில் இறங்கி மெட்ரோவுக்குப் படியிறங்கினேன். நான் இருந்த காலத்தில் அந்த ஆழத்தில் முழங்கால் வரைக்கும் சேறு. பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது, வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கூட இருந்த ஒருவனுக்குக் கால் விரல் இரண்டு அங்கேயே போனது. இப்போது குளிர்காற்று வீசியது. தரையில் முகம் தெரிந்தது. கீழ்ப்பாக்கத்தைத் தாண்டும்போது எதிரே நின்ற ஒரு பெண், பிடி எதையும் பிடிக்காமல், சின்னக் கண்ணாடியைப் பார்த்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டாள். கோடு கொஞ்சமும் கோணவில்லை. வண்டி அத்தனை ஆடாமல் போனது. நாங்கள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறோம் என்று அந்தக் கோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் வீடு அண்ணா நகர். அந்த வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து "வாங்க" என்றார்கள். ஒருவர் சொன்னால் போதாது, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தில் முப்பது வருடம் இருந்தும் அதை விடவில்லை. பலகாரம் வந்தது, காபி வந்தது. சாவி வரவில்லை.

"இன்னைக்கி வெள்ளிக்கிழமையில்ல" என்றார் அந்த வீட்டு ஆச்சி. "வெள்ளிக்கிழமை வீட்டுச் சாவிய எடுத்து வெளிய குடுப்பாகளா? லட்சுமிக்கு நாமளே வாசலக் காட்டி விட்ட மாதிரி ஆயிரும்."

"அப்ப நாளைக்கிக் காலையில வாரேன் ஆச்சி."

"நாளைக்கி சனிக்கிழமை. இரும்பு கைமாறக் கூடாது. ஞாயித்துக்கிழமை வாங்க. மத்த வீட்டுக்கும் போயி வீணா அலையாதீக, அவுகளும் இதத்தான் சொல்லுவாக."

மற்ற மூன்று வீட்டுக்கும் போன் செய்தேன். அதையேதான் சொன்னார்கள். காரைக்குடிக்குப் போன் செய்து ஆச்சியிடம் சொன்னேன்.

"ஆமாப்பா. நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றார். "ஞாயித்துக்கிழமை ஒரே பொழுதுல நாலு வீடும் முடியுமா?"

அண்ணா நகர், மயிலாப்பூர், திருவான்மியூர், கடைசியாகத் தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். ஊருக்குத் திரும்பும் ரயில் தாம்பரத்தில் நாலேகால் வாக்கில் நிற்கும் என்பது ஒன்றுதான் எனக்குச் சாதகம். முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் யோசித்தேன்.

சைதாப்பேட்டையில் என் கூட்டாளி ஒருவன் இருந்தான். காரைக்குடிக்குப் பக்கத்துக் கீழச்சிவல்பட்டிக்காரன், திருப்பூரில் என்னோடு சாயத்தில் கை ஊறியவன். இப்போது எலக்ட்ரிக் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஓர் அறையில் நான்கு பேர், மூன்று பாய். முறை வைத்துத் தூங்குவார்கள். என் கதையைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மூணு நாளு போக்குவரத்து, எதுக்கு? பூட்டத் தொறக்க. எங்க ஊர்லயெல்லாம் இந்நேரம் சுத்தியல எடுத்திருப்பாக."

"ஒங்க ஊர்ப் பெரிய வீட்டுக்காரவுகளும் எடுக்க மாட்டாக. ஒங்க தெருவுல வேணா எடுப்பாக" என்றேன்.

அவன்தான் வழி சொன்னான். தூரத்துக்கு ரயில், நிலையத்திலிருந்து வீட்டுக்கு எலக்ட்ரிக் பைக். சில நிலையங்களின் வெளியே வரிசையாக வாடகை வண்டி நிற்கிறது. போனில் படம் எடுத்தால் பூட்டு திறக்கும். ஒரு நிலையத்தில் எடுத்து வேறொன்றில் விடலாம். சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம், லைசென்ஸ் கேட்பதில்லை. என் போனில் அதற்கானதை அவனே ஏற்றித் தந்தான். எங்கே அழுத்த வேண்டும் என்பதை நிறத்தைச் சொல்லிப் பழக்கினான். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும், பச்சையும் சிவப்பும் உடனே தெரியும்.

முதல்முறை ஏறி உட்கார்ந்து, "ஓடுதாடா?" என்றேன்.

"அது ஓடத்தான் பாக்குது. நீதான் பிரேக்கப் பிடிச்சிருக்க."

சனிக்கிழமை முழுவதும் ஒத்திகை பார்த்தேன். நான்கு வீட்டின் வாசல் வரைக்கும் போய், மணி அடிக்காமல் திரும்பினேன். எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் படி, எங்கே வண்டி கிடைக்கிறது, எங்கே விட வேண்டும், எத்தனை நிமிடம் என்று பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அன்று ஒரு நாளில் நான் பார்த்த சென்னையை அதற்கு முன் ஒன்றரை வருடத்தில் பார்த்ததில்லை.

மயிலாப்பூருக்கும் திருவான்மியூருக்கும் போகிற ரயில் தரையில் ஓடுவதில்லை. கால்வாயின் மேல், தூண்களில் ஓடுகிறது. பறக்கும் ரயில் என்கிறார்கள். நிலையங்கள் ஒவ்வொன்றும் நான்கு கல்யாண மண்டபத்தை அடுக்கி வைத்தமாதிரி பெரியது, ஆள் கொஞ்சம். ஜன்னலோரம் நின்றால் ஊரின் மொட்டைமாடிகள் எல்லாம் கண் மட்டத்தில் வருகின்றன. ஒரு மாடியில் வடகம் காய்ந்தது. ஒரு மாடியில் ஒருவர் தனியாக நின்று யாரிடமோ போனில் கையாட்டிப் பேசினார். கட்டடங்களுக்கு நடுவே ஒரு விரல் அகலத்துக்குக் கடல் வந்து மறைந்தது. கால்வாய்த் தண்ணீர் கறுப்புத்தான், நாற்றமும் உண்டு. அதன் ஓரத்திலும் ஒருவர் கீரை போட்டிருந்தார்.

என் எதிரே பூக்காரம்மா ஒருவர் உட்கார்ந்து, மடியில் உதிரிப்பூவைக் கொட்டி, வெளியே பார்த்துக்கொண்டே தொடுத்தார். கை தனியாக ஓடியது. நான் வாசலை மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "எங்க எறங்கணும்?" என்றார்.

"மயிலாப்பூரு."

"அப்ப பின்னாடி பொட்டிக்குப் போ. படி அங்கதான் வரும். இங்க எறங்குனா ஒரு ஃபர்லாங்கு நடப்ப." பிறகு பூவைப் பார்க்காமலேயே, "நாளைக்கும் வருவியா?" என்றார்.

"ஆமாம்மா."

"நாயித்துக்கெழம வண்டி கம்மி. பாத்து வா."

அதை நான் பத்திரிகையில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பைக்கில் போனபோது இன்னொன்று புரிந்தது. அது சத்தம் போடுவதில்லை என்பதால் தெருவின் சத்தமெல்லாம் காதில் விழுகிறது. மயிலாப்பூர்ச் சந்தில் குக்கர் விசில், எங்கோ வீணை, இஸ்திரிக்காரர் ரேடியோ. அடையாற்றில் மரங்களுக்குள் ஒரு குருவி. லாரியிலிருந்து நான் எத்தனையோ ஊரைப் பார்த்திருக்கிறேன். எல்லா ஊரிலும் கேட்டது என் லாரியின் சத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணா நகர் வீட்டில் நின்றேன். அந்த ஆச்சி குளித்து, விளக்கேற்றி, சாவியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம், கால் கிலோவுக்குக் குறையாது. "எடப்பக்கம் ரெண்டு சுத்து. சுத்தும்போது கதவக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும்" என்று சொல்லி, இல்லாத கதவை இடது கையால் தூக்கிக் காட்டினார்.

திரும்ப மெட்ரோவில் நுழையும்போது சோதனைப் பெட்டி என் பையை விழுங்கிவிட்டு வெளியே விடவில்லை. காவலுக்கு இருந்த பெண் திரையைப் பார்த்தாள்.

"பையில இன்னாண்ணா, இரும்பு?"

"சாவிம்மா."

எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கி எடை பார்த்தாள். "யக்கா, இங்க வந்து பாரேன்" என்று இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். "எந்த ஜெயிலுதுண்ணா இது?"

"வீட்டு ரூம் சாவி. காரைக்குடியில."

"உள்ள இன்னா இருக்கு, புலியா?"

"கறையான்."

இருவரும் சிரித்து, சாவியை இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

மயிலாப்பூர் போகிற ரயிலுக்காக நின்ற இடத்தில்தான் பூக்காரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை பத்து நிமிடம் காத்திருந்த இடத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். என் பத்திரிகைக் கணக்கு அங்கேயே செத்தது.

மயிலாப்பூர் வீட்டில் இருந்தவர் கம்ப்யூட்டர் வேலைக்காரர், நாற்பது வயது. அந்த அறை அவருடைய அப்பாவுடையது. "சாவி அதோ இருக்கு பாருங்க" என்று சுவரைக் காட்டினார். வரவேற்பறையில், சிவப்பு வெல்வெட்டின் மேல், கண்ணாடிச் சட்டத்துக்குள் சாவி. அலங்காரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள். சட்டத்தின் பின்பக்கத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்ததால் கத்தியை நுழைத்துப் பிரிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் மனைவி பக்கத்தில் நின்று, "வெல்வெட்டு கிழியாமப் பாருங்க, வெல்வெட்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தார். இருவரும் அதைத் திறந்ததே இல்லை. வெறுஞ்சட்டத்தை மறுபடி ஆணியில் மாட்டியபோது வெல்வெட்டில் சாவியின் வடிவம் மட்டும் வெளுக்காமல் இருந்தது.

திருவான்மியூரில் எடுத்த பைக்கில் பாதிக்கும் கீழேதான் சார்ஜ் இருந்தது. மூன்றாவது வீட்டு ஆச்சி அறுபது வயது, தனியாக இருக்கிறார், வாசலில் அவருடைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றது. என் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தச் சார்ஜுல அடையாறு வரைக்கும் போவீக, அப்பறம் தள்ளுவீக" என்றார். தன் வண்டியின் வயரைப் பிடுங்கி என் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. "அது சாப்புடட்டும், நீங்களும் உக்காருங்க" என்று இலை போட்டார். சாவி அவருடைய கைப்பையிலேயே இருந்தது, ஸ்கூட்டர் சாவியோடு ஒரே வளையத்தில். வருடம் ஒருமுறை போய்த் திறந்து பெருக்கிவிட்டு வருகிறவர் அவர் ஒருவர்தான்.

"அடுத்து முடிச்சூரா?" என்று கேட்டார். "அவரு சாவி தர நேரமாகும். பொறுமையா இருங்க." ஏன் என்று கேட்டதற்கு மோர் ஊற்றினார்.

அங்கிருந்து கிண்டிக்கு, இருபுறமும் மரம் கவிந்த ரோட்டில், சத்தமில்லாமல் போனேன். வேலிக்குள் மான் ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேய்ந்தது. இவ்வளவு பெரிய ஊர் தன் நடுவில் ஒரு காட்டை வைத்துக்கொண்டு, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமலும் இருக்கிறது. மணி பார்க்கிற பதற்றம் இல்லாதிருந்தால் இறங்கி நின்றிருப்பேன். கிண்டியில் வண்டியை விட்டு மின்சார ரயிலில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும்போது இரண்டு மணி தாண்டியிருந்தது. அங்கே இருந்தது ஒரே ஒரு பைக். சார்ஜ் முப்பது காட்டியது.

நான்காவது வீட்டுக்காரர் காரைக்குடி ஆச்சியின் கொழுந்தனார், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கறையான் ஏறியிருந்தது இவருடைய அறை வாசலில்தான். மற்ற மூன்று சாவியும் இருந்து இது இல்லையென்றால் ஒன்றுமே இல்லாத மாதிரிதான்.

"வாங்க, வாங்க. சாப்ட்டீகளா?"

"ஆச்சு ஐயா. திருவான்மியூர் ஆச்சி வீட்டுல."

"காபி சாப்புடுங்க. ஊர்ல மழ உண்டா?"

"இல்லைங்க ஐயா. சாவி…"

"இருக்கு, எங்க போயிரப் போகுது."

உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. வெறுங்கையோடு வந்து கல்யாணத்துக்குச் சமையல் யார் என்று விசாரித்தார். மறுபடி போனார். மறுபடி பீரோ. மணி மூன்றைத் தொட்டது. மூன்றாம் தடவை எழுந்தபோது அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"இன்னும் எத்தனை தடவ அந்தப் பீரோவத் தொறந்து மூடுவீக? அவுக வண்டியப் பிடிக்கணுமில்ல. சொல்லிருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சாவி இல்ல தம்பி. புரசவாக்கத்துல இருந்து இங்குட்டு வீடு மாத்துனப்பத் தொலைஞ்சுருச்சு. பன்னெண்டு வருசமாச்சு."

"அதுக்குத்தான் ஊர்ப் பக்கம் வராம இருந்தீகளா ஐயா?"

"வந்தா ரூமத் தொறக்கணும்ல. தொறக்காம முத்தத்துல படுத்தா, ஏன்னு கேப்பாக. அடுத்தவுக ரூமுல போயிப் படுக்க முடியுமா? பாரிமுனையில சாவி செய்யிறவுக மூணு பேருகிட்டப் போனேன். மூணு பேரும் பூட்டக் கொண்டாங்கன்னாக. பூட்டு காரைக்குடியிலயில்ல இருக்கு."

"எங்க அம்மா குடுத்த சாமான் பூராவும் அதுக்குள்ளதான்" என்றார் அவர் மனைவி வாசற்படியில் நின்று. "ஒரு நாளாவது கேட்டிருப்பனா?"

"நித்தம் கேட்ட" என்றார் அவர்.

என் மனதில் மணிதான் ஓடியது. "ஐயா, ஊர்ல ஆசாரி இருக்காரு, பூட்ட ஒடச்சிருவோம். ஆச்சிட்ட போன்ல ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்" என்றேன்.

தலையை ஆட்டினார். "என் பூட்ட ஒடைக்கும்போது நான் அங்க நிக்கணும். நான் இல்லாம ஒடச்சா அது களவுக்குச் சமானம்."

"அப்ப வாங்க."

"எப்ப?"

"இப்பத்தான். நாலேகாலுக்கு வண்டி."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஏற்கெனவே ஒரு மஞ்சள் பையோடு நின்றார். வேட்டி, துண்டு, மாத்திரை. "போங்க. அந்தப் பூட்டும் எத்தன வருசத்துக்குத்தான் காத்துக்கிட்டே இருக்கும்" என்றார்.

பேங்க் அதிகாரியாக இருந்தவர், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, என் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தார். "சத்தத்தையே காணோமே, ஓடுதா?" என்றார். ஓடுகிறது என்றேன். இரண்டு ஆள் கனத்தில் சார்ஜ் எண் கண்ணெதிரே இறங்கியது. பன்னிரண்டு, ஒன்பது, ஆறு. ஓர் ஏற்றத்தில் வண்டி முனகி நின்றது. அவர் தானாகவே இறங்கி, மஞ்சள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தார். நான் தள்ளினேன். மேடு முடிந்ததும் ஏறிக்கொண்டார். "பன்னெண்டு வருசமா யோசிச்சேன், இப்படிப் போவேன்னு யோசிக்கல" என்றார். நிலையத்தில் வண்டியை வரிசையில் விட்டபோது இரண்டு காட்டியது. நாங்கள் படியேறவும் ரயில் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

முன்பதிவு இல்லாத பெட்டி. செங்கல்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே வந்தோம். இடம் கிடைத்ததும் சாவிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொன்றையும் புரட்டி, "இது பெரியண்ணன் ரூமு. இது, பல்லு ஒடஞ்சிருக்கு பாருங்க, நான் சின்னப்பிள்ளையில கல்லுல அடிச்சது" என்றார். மயிலாப்பூர்க்காரருக்குத் தெரியாத திருகு அவருக்குத் தெரிந்திருந்தது. "என்னோடது வலப்பக்கம் ரெண்டு, அப்பறம் எடப்பக்கம் ஒன்னு" என்று சொல்லும்போது அவர் விரல் காற்றில் அப்படியே திரும்பியது.

திங்கட்கிழமை காலை முற்றத்தில் எல்லாரும் நின்றோம். ஆச்சி குளித்துவிட்டு வந்து, முந்தைய நாள் இரவு வந்து இறங்கியவரைப் பார்த்து மறுபடி ஒருமுறை "வாங்க" என்றார். அவர் தரையைப் பார்த்தபடி, "சாவிய நான் தொலைச்சுட்டேன் அண்ணமிண்டி" என்றார். அண்ணன் மனைவியை அந்த வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தெரியும்" என்றார் ஆச்சி. "ஒங்க வீட்டுக்காரி எட்டு வருசத்துக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டா. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன்."

ஆசாரி சுத்தியலை அவரிடம் நீட்டினார். "மொத அடி நீங்க போடுங்க. நாளைக்கி என் தலையில விழக் கூடாது பாருங்க." அவர் ஓங்கி அடித்த அடி பூட்டில் படாமல் நிலையில் பட்டது. இரண்டாவது அடி பட்டது. மீதியை ஆசாரி பார்த்துக்கொண்டார்.

உள்ளே பாய்களும் தலையணைகளும் ஒரு துணிப்பெட்டியும் மண்ணாகியிருந்தன. பித்தளையும் பீங்கானும் தூசியைத் தவிர வேறு குறையில்லாமல் அடுக்கியபடி இருந்தன. நிலையும் கதவும் பர்மாத் தேக்கு. கறையான் அதைத் தின்னவில்லை, ஏறிப்போகப் பாதையாக மட்டும் வைத்திருந்தது. கொழுந்தனாரின் மனைவிக்குப் படம் பிடித்து அனுப்பினேன். மருந்துக்காரர் சொன்னபடி வந்து, ஐந்து அறையிலும் ஓட்டை போட்டு மருந்து இறக்கினார். ஐந்து கதவும் ஒரே நேரத்தில் திறந்து கிடந்து அந்த வீட்டை நான் பார்த்தது அன்றுதான்.

ஆவணியில் கல்யாணம் முற்றத்திலேயே நடந்தது. சென்னையிலிருந்து நான்கு வீட்டாரும் வந்தார்கள், அவரவர் அறையில் அவரவர் படுத்தார்கள். மயிலாப்பூர்க்காரரும் மனைவியும் தங்கள் கதவை மூன்று தடவை பூட்டித் திறந்து பழகினார்கள். நான்காவது அறைக்குப் புதுப் பூட்டு வாங்கியாகிவிட்டது.

எல்லாரும் சென்னைக்குக் கிளம்பிய நாள் சனிக்கிழமை. சாவிகள் ஆச்சியின் அறைக்குள் ஓர் ஆணியில் மொத்தமாகத் தொங்கின. அண்ணா நகர் ஆச்சி அதைப் பார்த்தார், கிழமையை நினைத்தார்.

"இன்னைக்கி வேண்டாம். அங்குட்டே இருக்கட்டும்" என்றார்.

மற்ற மூன்று வீட்டாரும் சாவியை எடுக்காமல் வேனில் ஏறினார்கள். கொழுந்தனார் மட்டும் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "தொலைஞ்சா ஒங்களத்தான் கேப்பேன்" என்றார்.

சாவிகள் இன்றுவரை அந்த ஆணியில்தான் இருக்கின்றன. வெயில் நாட்களில் ஆச்சி ஐந்து கதவையும் திறந்து வைக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். மயிலாப்பூருக்குப் பின்பெட்டியில் ஏற வேண்டும் என்பது எனக்கு மறக்கவில்லை.

"அவுக கேக்கட்டும்" என்கிறார் ஆச்சி. இதுவரை யாரும் கேட்கவில்லை.